தொட்டுக்கொண்டிருப்பது யார்?

அந்த மழை மதியத்தில் குடையை வாசலிலேயே உதறி மடக்கிவிட்டு நர்ஸ் உள்ளரங்கத்துக்குள் நுழைந்தாள். போன வருடம் இங்கேதான் ஹாக்கிப் பந்து நெஞ்சில் பட்டு அவள் கணவன் விழுந்தான். மயக்கம் என்று நினைத்து முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே நின்றார்கள். நின்ற இதயத்துக்கு அதிர்ச்சி கொடுத்து ஓடவைக்கும் கருவி அன்றைக்கு இல்லை; அவன் பிழைக்கவில்லை. நாயாய் அலைந்து, சண்டை போட்டு வாங்கிய கருவியை இன்று அவளே தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

களத்தில் கொழுந்தன் ஆடிக்கொண்டிருந்தான். வீட்டில் அவனுக்கு வாலு என்று பெயர். அந்தக் கருவிப் பெட்டியைப் பார்த்தாலே நெஞ்சு வலிக்கிறது அண்ணி என்று சற்றுமுன்தான் கிண்டலடித்திருந்தான்.

ரப்பர் தரையின் வாடையை மீறி, திடீரென ஷேவிங் சோப்பு மணத்தது.

அவள் கணவனின் சோப்பு.

தொம்.

பந்து வாலுவின் நெஞ்சில் பட்டது. பெரிய அடியல்ல; இரண்டு துடிப்புகளுக்கு நடுவே, படக்கூடாத நொடியில் பட்டுவிட்டது. தடுமாறி நடந்தான். சரிந்தான்.

யாரோ தண்ணீருக்கு ஓடினார்கள்.

"தண்ணி வேண்டாம். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

மண்டியிட்டு அவன் நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். அவள் சொல்லச் சொல்லப் பயிற்சியாளர் கருவியின் பட்டைகளை அவன் நெஞ்சில் ஒட்டினார். எல்லோரும் விலகச் சொன்னது கருவியின் குரல். விலகினார்கள்.

"யாரோ தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். விலகுங்கள்."

கையெட்டும் தூரத்தில் ஒருவருமில்லை.

மறுபடி அதே குரல். பயிற்சியாளரின் முகம் வெளிறியது.

வாலுவின் உடம்பு கால்பக்கமாக ஒரு விரற்கடை நகர்ந்தது.

 அவளுக்கு அழுகை வரவில்லை; கோபம்தான் பொங்கிக்கொண்டு வந்தது.

"துணைக்கு ஆள் வேணும்னா என்னையில்ல கூப்பிட்டிருக்கணும்?" என்றாள் மெதுவாக, அவன் கால்மாட்டில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்து. "உங்க தம்பியைத் தரமாட்டேன். விடுங்க."

சோப்பு வாசம் மூச்சை அடைத்தது.

பிறகு கலைந்தது.

கருவி அதிர்ச்சி கொடுத்தது. வாலுவின் உடம்பு தூக்கிப்போட்டு விழுந்தது; அவன் இருமினான்.

சாயங்காலம் மருத்துவமனையில் டாக்டர் போர்வையை விலக்கிவிட்டு, கணுக்காலைப் பிடித்து இழுத்தது யார் என்று கேட்டார். ஐந்து விரல்கள் கருநீலமாகப் பதிந்திருந்தன. தெரியாது என்றாள் அவள்.

டாக்டர் போனதும் நாற்காலியைக் கால்மாட்டுக்கு இழுத்துப்போட்டு, அந்தக் கணுக்காலை இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டாள்.

"வாங்க, பார்க்கலாம்."

தலைமாட்டில், யாரோ உட்கார்ந்ததுபோல, மெத்தை மெல்ல அமுங்கியது.

அவள் பிடியை விடவில்லை.