பூச்சி வராத சட்டை

அந்த ஒரு சட்டையில் மட்டும் பூச்சி வரவில்லை.

திருப்பூர் நல்லூரில் வேல்விழி வேலை பார்த்த பனியன் கம்பெனிக்கு அந்த வருடம் ஒரு கேம் கம்பெனியின் ஆர்டர் வந்திருந்தது. குழந்தைகளுக்கான மஞ்சள் சட்டை, நெஞ்சில் கறுப்புக் கட்டங்களாக ஒரு பிரிண்ட். கையடக்கமான கேம் பெட்டி ஒன்றை அந்தப் பிரிண்டுக்கு நேராகப் பிடித்தால், அதன் திரையில் மட்டும், சட்டைக்குள்ளிருந்து காது நீண்ட குட்டிப் பிராணி ஒன்று ஏறி வந்து நிற்கும். அதைச் சுற்றிப் பச்சை வட்டம் விழும். கை அசையாமல் இருந்தால் வட்டம் சுருங்கி மூடிக்கொண்டு டிங் என்று ஒரு சத்தம். பிராணி பிடிபட்டு, திரைக்குள் இருக்கும் கூண்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். செக்கிங் மேஜையில் எல்லோரும் அதைப் பூச்சி என்றார்கள். பூச்சி வந்து டிங் கேட்டால் பீஸ் பாஸ். வராவிட்டால் பிரிண்ட் சரியில்லை, ரிஜெக்ட். நாள் முழுக்கப் பிடித்துப் பிடித்து, வட்டத்தைக் கண்ட மாத்திரத்தில் அவள் கை தானாகக் கல்லாகிவிடும். இப்படி நடுங்காத கையை எங்கேயும் பார்த்ததில்லை என்று சூப்பர்வைசர் அருள்குமாரே சொல்லியிருக்கிறான்.

இந்தச் சட்டையிலோ பூச்சி வராமல் வட்டம் மட்டும் வந்தது. நடுவில் ஒன்றுமில்லை. மெல்ல விரிந்தது, மெல்லச் சுருங்கியது, மூடாமல் நின்றது. எதற்கோ இடம் போட்டு வைத்துக் காத்திருப்பது போலிருந்தது.

ரிஜெக்ட் ஆன பீஸை நெஞ்சுக்குக் குறுக்கே வெட்டித்தான் போட வேண்டும், முழுசாக வெளியே போய்விடக் கூடாது. அது ஆர்டர் கொடுத்தவர்களின் கண்டிப்பு. வேல்விழி கத்தரியை எடுத்தாள். நல்ல துணி. ஓட்டை இல்லை, தையல் பிரியவில்லை, அளவோ மகள் பிரியாவுக்கு எடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. தீபாவளிக்குப் பிள்ளைக்கு இன்னும் ஒன்றும் எடுக்கவில்லை. பாவம், இதைப் போய் வெட்டுவதா? மடித்து டிபன் பைக்குள், டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பெற்ற பிள்ளைக்காக இதைச் செய்யாதவர்கள் திருப்பூரில் யார்?

லீவு விடும் அன்று அருள்குமார் அந்தக் கேம் பெட்டியையும் அவளிடமே நீட்டினான்.

"ஏனுங்கக்கா, நீங்க ஊருக்குப் போகலீங்களா?"

"இல்ல தம்பி."

"அப்ப இத நீங்களே வெச்சுக்கோங்க. இங்க போட்டு வெச்சா எலி கடிச்சுப் போடுமுங்க. பாப்பா வெளையாடட்டும். சார்ஜர்தான் உள்ள மாட்டிக்கிச்சுங்க. மொதலாளி செக்கிங் ரூமைப் பூட்டிட்டு மூலனூர் போயிட்டாரு."

ஊருக்குப் போகலையா என்று எல்லோரும்தான் கேட்கிறார்கள். அவளுக்கு எந்த ஊர் இருக்கிறது? பாண்டித்துரையைக் கட்டிக்கொண்ட அன்றே சங்கரன்கோவில் பக்கம் இருந்த அம்மா வீடு சாதியைச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டது. அவனும் செத்துப் போனபின் அவன் வீட்டாரும் சாத்திக்கொண்டார்கள். மிச்சம் இருப்பது பிரியா ஒருத்திதான். பிள்ளையின் முழுப் பெயர் இசக்கிப்பிரியா. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் இப்போது வேறு யாரும் இல்லை.

தீபாவளி என்றால் திருப்பூர் வடிந்துவிடும். காம்பவுண்டில் வரிசையாக எல்லா வீட்டிலும் பூட்டுத் தொங்கியது. கடைசியாகக் கிளம்பியவர் வீட்டுக்காரம்மா வள்ளியாத்தாள்.

"கண்ணு, மோட்டாரு சுவிச்சைப் பார்த்துக்க. நானு ஊத்துக்குளிக்கு மவ ஊட்டுக்குப் போயிட்டு வந்தர்றேன். புள்ளையத் தனியா உட்டுப் போட்டு எங்கீம் போயிராத."

ஆட்டோ சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறைந்தது. பின்சுவரை ஒட்டியிருந்த நிட்டிங் கம்பெனியின் இரைச்சல், வருடம் முழுக்க ராத்திரி பகலாக ஓயாத இரைச்சல், அன்று இல்லை. அது இல்லாமல் காது அடைத்துக்கொண்டது போலிருந்தது. குழாயில் சொட்டும் தண்ணீரும், யாரோ எடுக்க மறந்த கொடித்துணி காற்றில் சுவரைத் தட்டுவதும், அடுப்பில் உலை சீறுவதும் தனித்தனியாகக் கேட்டன. ஒவ்வொரு சத்தத்துக்கும் வேல்விழி திரும்பிப் பார்த்தாள்.

அவள் சட்டையை அலசி மதில்மேல் காயப்போட்டாள். இதமான வெயிலில், காம்பவுண்டின் சாம்பல் பூனை அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. பிரியா பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். உள்ளே தக்காளி நறுக்கிக்கொண்டிருந்த வேல்விழிக்கு டிங் கேட்டது.

"எம்மா, பூனையப் பிடிச்சிட்டேன்."

"பிடி, பிடி. பெறகு பாலு வேணும்னு கத்தும், நீயே ஊத்து."

பூனை கத்தவில்லை. சட்டையை எடுத்தபோது நகர்ந்து கொடுத்ததோடு சரி, மதிலை விட்டு இறங்கவே இல்லை. ஊற்றி வைத்த பாலில் ஆடை படர்ந்தது, பிறகு எறும்பு மொய்த்தது. பூனை பாலைப் பார்க்கவில்லை. அவர்கள் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சிமிட்டாத கண். வெடிச்சத்தத்துக்குப் பயந்திருக்கும் என்று வேல்விழி தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

தீபாவளியன்று விடியும் முன்பே எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி மஞ்சள் சட்டையைப் போட்டுவிட்டாள். பிரியா கண்ணாடி முன்னால் சுற்றிச் சுற்றி வந்தாள். அப்புறம் பெட்டியை அம்மாவின் மடியில் வைத்தாள்.

"என்னைய ஒரு தடவ பிடியேன். எனக்குப் பூச்சி வருதான்னு பாப்போம்."

"நாளு பூரா அதைத்தானட்டி பிடிக்கேன். போ, போய் வெளையாடு."

"யார்கூட வெளையாட?"

வேல்விழி அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். பிள்ளை வாசலில் உட்கார்ந்து பூனையோடு பேசிப் பார்த்தது. பிறகு உள்ளே வந்துவிட்டது.

"அது நம்ம பூனை இல்லம்மா," என்றது.

பொழுது சாய்ந்தது. தூரத்தில் எங்கோ பட்டாசு வெடித்தது, நின்றது. கந்தகப் புகை சந்துக்குள் இறங்கி, சாக்கடையில் தேங்கிய சாயத் தண்ணீர் வாடையோடு கலந்து, தொண்டையைக் கரகரக்க வைத்தது. பிரியா உள்ளே டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். வேல்விழி படிக்கட்டில் உட்கார்ந்து, சார்ஜ் எவ்வளவு இருக்கிறது பார்ப்போம் என்று கேம் பெட்டியை எடுத்தாள். சிவப்புக் கோடு காட்டியது. போன் சார்ஜரைப் பிரியா காலையிலேயே சொருகிப் பார்த்திருந்தாள், சேரவில்லை. அணைத்து வைப்போம் என்று பொத்தானைத் தேடியவளின் விரல் எங்கோ பட்டுக் கூண்டு திறந்துகொண்டது.

காது நீண்ட பூச்சிகள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தன. கடைசியில் பூனை.

பொம்மை இல்லை. நம் சாம்பல் பூனை. காதோரம் இருந்த பழைய தழும்புகூட அப்படியே இருந்தது. திரைக்கு அந்தப் பக்கத்தைப் பிறாண்டிப் பிறாண்டி வாயைத் திறந்தது. அவள் சத்தத்தைக் கூட்டினாள். பசித்த பூனையின் கத்தல், மெலிந்து, தொண்டை கட்டிப் போய், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

அவள் தலையைத் தூக்கினாள். மதில்மேல் பூனை உட்கார்ந்திருந்தது. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கூண்டை மூடினாள். கேமரா திறந்தது. பெட்டியை மெல்ல உயர்த்தி, திரை வழியே மதிலைப் பார்த்தாள். மதில் தெரிந்தது. மதில்மேல் படர்ந்த பாசி தெரிந்தது. பூனை இல்லை. பெட்டியை இறக்கினாள். பூனை இருந்தது. உயர்த்தினாள். இல்லை.

அப்படியானால் அது என்ன? பிடிபட்டது எது, இங்கே மிச்சம் இருப்பது எது? பூனை சட்டையின்மேல் படுத்திருந்தபோதுதானே டிங் கேட்டது.

சட்டை.

"பிரியா."

எழுந்து திரும்பினாள். பெட்டி முகத்துக்கு நேராக இருந்தபடியே திரும்பினாள்.

வாசற்படியில் பிரியா. மஞ்சள் சட்டை. நெஞ்சில் கறுப்புக் கட்டங்கள். அம்மா பெட்டியைத் தன் பக்கம் பிடித்திருப்பதைப் பார்த்ததும் பிள்ளையின் முகம் மலர்ந்துவிட்டது.

"பிடிக்கியாம்மா? இந்தா, ஆடாம நிக்கேன்."

கையிரண்டையும் தொடையோடு ஒட்ட வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். பச்சை வட்டம் அவளைச் சுற்றி விழுந்தது.

திருப்பு. கையைத் திருப்பு. கீழே போடு. வேல்விழிக்குள் எல்லாம் அலறியது. கால் நடுங்கியது, உதடு நடுங்கியது. கை நடுங்கவில்லை. வட்டத்தைக் கண்ட கை. மேஜைமேல் கல்லாக நின்று பழகிய கை.

வட்டம் சுருங்கியது.

டிங்.

அதன் பிறகுதான் கை இறங்கியது.

பிரியா நின்ற இடத்திலேயே நின்றாள். சிரிப்பு மட்டும் போயிருந்தது.

"பிரியா? ஏட்டி, அம்மாட்ட பேசு. கண்ணச் சிமிட்டு தாயி. ஒரு தடவ சிமிட்டு."

சிமிட்டவில்லை.

படிக்கட்டிலேயே உட்கார்ந்து கூண்டைத் திறந்தாள். கடைசிக் கட்டத்தில் பிள்ளை. இரண்டு உள்ளங்கையையும் திரையில் அறைந்துகொண்டிருந்தாள். "எம்மா. எம்மா, இருட்டா இருக்கு. தொறம்மா." வேல்விழி எல்லாப் பொத்தானையும் அமுக்கினாள். பிடிக்கத்தான் அவளுக்குத் தெரியும். விடுவிக்க யாரும் சொல்லித் தந்ததில்லை. சிவப்புக் கோடு மினுங்க ஆரம்பித்தது. சார்ஜர் செக்கிங் ரூமில். ரூம் பூட்டிக் கிடக்கிறது. அருள்குமாருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

வாசலில் நின்றது நடந்து வந்தது. படிக்கட்டில் அவளருகே உட்கார்ந்தது. பிறகு, பிரியா உட்காருகிற அதே மாதிரி, ஒருக்களித்து அவள் மடியில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டது. அதற்குக் கனமே இல்லை.

"அத வச்சிரும்மா," என்றது, பிரியாவின் குரலில். "பசிக்கி."

"எம்மா," என்றது பெட்டி.

திரை மங்கியது. உள்ளங்கைகள் மங்கின. வேல்விழி பெட்டியை நெஞ்சோடு அணைத்து, வாயை அதன்மேல் வைத்து, "இரு தாயி, இந்தா வந்துட்டேன், இருட்டுக்குப் பயப்படாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். உள்ளே அழுகை பாதியில் நின்றது.

பெட்டியை விலக்கிப் பார்த்தாள். அணைந்த திரையின் கறுப்புக் கண்ணாடியில், தெருவிளக்கு வெளிச்சத்தில் அவள் முகம் தெரிந்தது. மடியில் யாரும் இல்லை. காலியான மஞ்சள் சட்டை ஒன்றின் இரண்டு கைகள் மட்டும் அவள் கழுத்தைச் சுற்றிக் கிடந்தன, மெல்ல இறுகிக்கொண்டிருந்தன.