தாரணியின் உயிர்ப்பொறிகள்

ராசப்பனின் முதுகுத்தண்டுக்குள் அவர் மகள் தாரணி நாற்பதாயிரம் துகள்களாக நீந்திக்கொண்டிருந்தாள். அவர் மனைவி கோகிலவாணி அப்படித்தான் நம்பினாள். மருத்துவமனையில் அவற்றுக்கு உயிர்ப்பொறிகள் என்று பெயர்.

பவானிப் பாலத்தில் லாரி மோதி, வண்டியை ஓட்டிய தாரணி மூன்றாம் நாள் போய்விட்டாள். பின்னால் உட்கார்ந்திருந்த தகப்பனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இப்போதெல்லாம் அது தீராத ஊனமல்ல. நோயாளியின் மூச்சுக்குழல் செல்களை எடுத்து வளர்த்தால், அவை தாமே உருண்டு திரண்டு, மயிரிழைகளால் துடுப்புப் போட்டு நீந்தும். அறுந்த நரம்பின் இடைவெளியில் கூடிப் பாலமாக நிற்கும். அதன்மேல் நரம்பு வளரும். ஆனால் முப்பது வருடம் பஞ்சாலைத் தூசியைக் குடித்த ராசப்பனின் செல்கள் வளரவில்லை. மகள் போகும் முன் எடுத்து வைத்தவை வளர்ந்தன.

பிறர் செல் என்பதால், உடம்பு அவற்றைத் தாக்காமலிருக்க, எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரையைத் தினமும் விழுங்கினார். எட்டாம் மாதம் எழுந்து நடந்தார். பத்தாம் மாதம் நுரையீரலில் பூஞ்சை பிடித்தது.

"மாத்திரையை நிறுத்தியே ஆகணும்," என்றார் டாக்டர் ஷமீமா. "நரம்பு சேந்தாச்சு. இனி பொறிங்க தேவையில்ல. நடை போகாது."

"அதுங்க என்னாகுமுங்க?" என்றாள் கோகிலவாணி.

"உடம்பே அழிச்சிடும்மா."

ராசப்பன் ஒப்பவில்லை. "நான் போனாப் போறேன். எம்புள்ளைய இன்னொருக்கா சாகக் குடுக்க மாட்டேன்," என்றார் இருமலுக்கு நடுவே.

நான்கு நாள் கோகிலவாணியும் அவரோடு சேர்ந்து அழுதாள். ஐந்தாம் நாள் அவர் உதடு நீலம் பாரித்தது. மாத்திரை டப்பாவை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள்.

"குடு, கோகிலா."

"மாட்டேனுங்க. நீங்க போயிட்டா அவ மட்டும் இருந்துருவாளா?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். காய்ச்சலில் கொதித்த அந்த முதுகில் கைவைத்து, "மன்னிச்சுக்கோ கண்ணு," என்றாள்.

ஏழு வாரத்தில் மூச்சு சீரானது. டாக்டர் ஸ்கேன் திரையைத் திருப்பிக் காட்டினார். முன்பு உயிர்ப்பொறிகள் பச்சையாய் மின்னிய இடமெல்லாம் வெறும் கறுப்பு.

"உங்க உடம்பு அருமையா வேலை செய்யுது. அந்நியச் செல் ஒன்னுகூட மிச்சமில்ல," என்று சிரித்தார்.

ராசப்பன் எழுந்து, எதையும் பிடிக்காமல், வெளியே நடந்து போனார்.

கோகிலவாணி எழவில்லை.

"அந்நியமுங்களா, டாக்டர்?" என்று கேட்டாள்.