ஒட்டுவாரொட்டி

“கல்யாணத்துக்கு முன்னாடி விசாரிச்சுக் குடுக்குறது நீங்கதானே?”

செக்காலை ரோட்டில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது அந்தத் துப்பறியும் நிலையம். உள்ளே வந்த யோகலட்சுமி உட்காரக்கூட இல்லை. அவள் மகன் ஸ்ரீதர், அம்மாவின் கைப்பையையும் குடையையும் பிடித்துக்கொண்டு வாசலோடு நின்றான்.

சந்திரலேகா பெருமூச்சை அடக்கிக்கொண்டார். அரசுத் தடயவியல் ஆய்வகத்தில் விஷங்களைப் பிரித்துப் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். பலகை மாட்டிய நாளிலிருந்து ஒரு கொலைகூட வந்தபாடில்லை. மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்குப் பழைய காதல் உண்டா, இதேதான்.

“நாங்கதான். சொல்லுங்க.”

“நோயை மறைச்சுப் பொண்ணு குடுக்கப் பாக்குறாக. பூ வச்சாச்சு, மண்டபம் சொல்லியாச்சு. இந்தா பாருங்க.” செல்போனை நீட்டினாள். “பொண்ணுக்கு நெத்தியில வெள்ளை. அப்பன் கண்ணன் ஆசாரிக்குக் கையில வெள்ளை. பரம்பரை வியாதி! அதோட ஒட்டுவாரொட்டி. நாளைக்கு என் மகனுக்கும் ஒட்டிக்கிரும்.”

“ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்கம்மா. பரம்பரையா, ஒட்டுவாரொட்டியா?”

“ரெண்டுந்தான்! மறைச்சாகன்னு எழுதிக் குடுங்க. நாலு பேருக்கு முன்னால காட்டி நிப்பாட்டணும்.”

அப்படி ஒரு காகிதத்தோடு கல்யாணம் நின்றால், அந்தப் பெண் தீபலட்சுமியை மட்டுமல்ல, அவள் தங்கையையும் யாரும் கேட்டு வரமாட்டார்கள். அது யோகலட்சுமிக்குத் தெரியாமல் இல்லை.

“தம்பி, நீங்க என்ன சொல்றீங்க?”

ஸ்ரீதர் குடையை மறுகைக்கு மாற்றினான். “அம்மா சொல்றதுதான்.”

ஆட்டோவில் போகும்போது உதவியாளன் ஹரீஷுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முப்பது வயதாகியும் அவனுக்குச் சந்தேகப்படுவதில் அலுப்பே வந்ததில்லை.

“மேடம், சிவப்பழகு க்ரீம்! தங்கச்சிதான் பொறாமையில எதையோ கலந்துட்டா.”

“அப்பா கையில?”

“அவரும் யாருக்கும் தெரியாம எடுத்துப் பூசியிருப்பாரு.”

“விரல் முட்டிக்கு மட்டுமா? போட்டோவப் பாத்தியா இல்லையா? பேசாம வா.”

கண்ணன் ஆசாரியின் பட்டறை வீட்டோடு ஒட்டியே இருந்தது. அலமாரிக் கதவு ஒன்றைக் கிடத்தி, அதன்மேல் மஞ்சள் பசையை இழுத்துப் பரப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மைக்கா ஷீட் தயாராக இருந்தது.

“நீங்களும் பாக்கணுமா? பாருங்க. இந்தக் கையக் கலெக்டர் மட்டுந்தான் இன்னும் பாக்கல.” அலுத்துக்கொண்டே வலது கையை நீட்டினார். விரல் முட்டிகளில் மட்டும் வெள்ளை. இடது கை சுத்தமாக இருந்தது.

“வேற எங்கேயாவது?”

“இல்ல. வலியுமில்ல, அரிப்புமில்ல. அதான் கண்டுக்கல.” பேசிக்கொண்டே பசையை முட்டியால் தொட்டுப் பார்த்தார். “இன்னும் காயல. ஈரத்தோட ஷீட்ட வச்சா உப்பிக்கிரும்.” சற்றுப் பொறுத்து மறுபடி தொட்டார்.

“உங்க அப்பாவுக்கு இப்படி இருந்துச்சா?”

“அவருக்கா? கடைசிவரைக்கும் கை கருங்காலி கணக்கா இருந்துச்சு. அவரு காலத்துல மைக்கா ஏது? வச்சிரப் பசையக் காய்ச்சி ஒட்டுவாரு, ஆணிய அடிப்பாரு, தீர்ந்துச்சு வேலை.”

வீட்டுக்குள் தீபலட்சுமி நெற்றியில் பச்சைக்கல் பதித்த நீர்த்துளிப் பொட்டோடு நின்றாள். அதை எடுக்கச் சொன்னபோது எளிதில் வரவில்லை. தோலை இழுத்துக்கொண்டே வந்தது. கீழே இருந்த வெள்ளையும் நீர்த்துளி வடிவம்தான், கொஞ்சம் பெரிதாக.

தங்கை நிவேதாவின் நெற்றியில் வட்டப் பொட்டு. அதைச் சுற்றித் தோலில் ஒரு மாசு இல்லை.

“ரெண்டு பேரும் ஒரே க்ரீமா?”

“க்ரீமே கிடையாது. ஒரே சோப்பு, ஒரே பவுடரு, ஒரே கண்ணாடி. சண்டையே அதுக்குத்தான்,” என்றாள் நிவேதா.

“இந்தக் கல்லுப் பொட்டு?”

“பூ வச்ச அன்னைக்கு அவுக குடுத்தது,” என்றாள் தீபலட்சுமி தரையைப் பார்த்து.

“விஷப் பொட்டு!” ஹரீஷ் துள்ளினான். “மேடம், மாப்பிள்ளைதான்!”

“ஹரீஷ், வாய மூடு.”

சந்திரலேகா பொட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்புறம் மஞ்சளாக, ஏடு ஏடாகப் படிந்திருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டுச் சிறு உறைக்குள் போட்டார். அன்று மாலையே அப்பாவையும் மகளையும் தோல் டாக்டரிடம் அனுப்பிவைத்தார்.

அந்த வார இறுதியில் இரு குடும்பத்தையும் கண்ணன் வீட்டில் கூட்டினார்.

“பரம்பரைன்னா அது இடம் பார்த்து உக்காராது,” என்று தொடங்கினார். “அப்பாவுக்கு வலது கை முட்டியில மட்டும். பொண்ணுக்குப் பொட்டு அளவுக்கு, பொட்டு வடிவத்துல. அப்ப ஏதோ ஒண்ணு வெளியிலேர்ந்து அந்தந்த இடத்தைத் தொட்டிருக்கு. பசை காய்ஞ்சிருக்கான்னு இவர் முட்டியாலதான் தொட்டுப் பாக்குறாரு. தினமும், வருஷக்கணக்கா.”

கண்ணன் தன் கையைப் பார்த்தார்.

“அதே மஞ்சள் பசைதான் பொட்டுக்குப் பின்னாலயும் இருக்கு. ஏம்மா தீபலட்சுமி?”

“ரெண்டு வாட்டி வேர்த்ததுமே பொட்டுல இருந்த பசை போயிருச்சு, மேடம். அவுக குடுத்ததாச்சே, தூக்கிப் போட மனசு வரல. அப்பா டப்பாவுலேர்ந்து தீக்குச்சியால தொட்டு வச்சேன்.”

“வெள்ளை விழுந்த பிறகுமா?”

“அத மறைக்கத்தான் தினமும் வச்சேன்.”

கண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். “அடி கூறுகெட்டவளே! அது அலமாரிக்குடி!”

“நீங்க மட்டும் என்ன, கையுறையா போட்டீக?” என்றாள் மகள்.

“பசை பட்டா வெள்ளையாகுமா? புதுக் கதையா இருக்கே,” என்றாள் யோகலட்சுமி.

“தோலுக்கு நிறம் குடுக்குற செல்லுக்குள்ள டைரோசினேஸ்னு ஒரு என்சைம் இருக்கு. டைரோசின்னு ஒரு பொருளை எடுத்துக் கருநிறமா மாத்துறது அதோட வேலை. வெயில்லேர்ந்து தோலைக் காப்பாத்துறதே அந்த நிறந்தான். இந்தப் பசையில ஒரு வகை பீனால் இருக்கு. பார்வைக்கு டைரோசின் மாதிரியே இருக்கும். என்சைம் ஏமாந்து அதையும் எடுத்துக்கும். ஆசாரி, ரம்பத்துக்குள்ள ஆணி இருக்குற கட்டை போனா என்னாகும்?”

“பல்லு போயிரும்.”

“அதேதான். அந்த பீனாலை என்சைம் மாத்துறப்ப வர்றது விஷம். செல் செத்துப்போகும், அந்த இடம் வெளுக்கும். சிலருக்குச் சாதாரணப் பொட்டுப் பசையே ஒத்துக்காது. டாக்டரும் ரெண்டு பேரையும் சோதிச்சு இதையேதான் சொல்லியிருக்காங்க.”

“அப்ப ஒட்டுவாரொட்டி இல்லையா?”

“ஒட்டினது பசைம்மா!” முதல் முறையாகச் சந்திரலேகாவின் குரல் உயர்ந்தது. “ஆளுக்கு ஆள் ஒட்டாது. வெண்புள்ளியாவே இருந்தாலும் ஒட்டாது. எத்தனை தடவை சொல்றது? யாரும் எதையும் மறைக்கலைன்னுதான் எழுதிக் குடுப்பேன்.”

யோகலட்சுமி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். “சரி, வெள்ளை கல்யாணத்துக்குள்ள போயிருமா?”

“பசையைத் தொடாம இருந்தா நிறம் மெதுவாத் திரும்பலாம். திரும்பாமலும் போகலாம்.”

“ம்… எங்க பக்கம் மனசு பெருசுதான். போட்டோ எடுக்குறப்ப மேக்கப்புல மறைச்சுக்கிரலாம். மண்டபத்த ரத்து பண்ண வேணாம். என்ன சம்பந்தி?”

கண்ணனின் முகத்தில் பல வாரமாக இல்லாத வெளிச்சம் வந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் தீபலட்சுமி முன்னால் வந்தாள்.

“மேடம், எனக்கும் ஒண்ணு விசாரிக்கணும். இங்கயே கேட்டுக்கிரவா?” ஸ்ரீதரின் பக்கம் திரும்பினாள். “வெள்ளை போகலைன்னா, மறைக்காம இதே நெத்தியோட என்னைக் கூட்டிட்டுப் போவீகளா? நீங்க சொல்லுங்க.”

 

 ஸ்ரீதர் மெல்லத் தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தான்.

“விசாரணை முடிஞ்சிருச்சு மேடம்,” என்றாள் தீபலட்சுமி. “அப்பா, மண்டபத்துக்குப் போன் போடுங்க.”