பொட்டுக் கொடி

மணிமொழியின் அப்பா வெள்ளைத்துரை, தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச்சேலை விற்பவர். மடித்த சேலையின் ஒரு முனையைப் பிடித்துத் தலைக்கு மேலே வீசினார் என்றால், அது அந்தரத்தில் பிரிந்து, சேலை விரித்துக் காட்டும் மேடையின் மறுகோடியில் போய் மெதுவாக இறங்கும். அதைப் பார்ப்பதற்கென்றே கடைக்கு ஆள் வருகிறது என்று மணிமொழி வகுப்பில் சொல்லுவாள். கொஞ்சம் மிகைதான். ஆனால் ரொம்ப மிகை இல்லை.

அந்தக் கை ஆடி மாதத்தில் மக்கர் செய்தது. வலது தோள் இறுகிப்போய், கை மார்புக்கு மேல் எழும்ப மாட்டேன் என்றது. தலை வாருவதற்கும் இடது கைதான். அதனால் வகிடு தினம் ஒரு பக்கமாகப் போனது.

கடை முதலாளி நல்லவர்தான். "கை சரியாகுற வரைக்கும் கீழ கவர் போடுற இடத்துல நில்லுங்க, வெள்ளைத்துரை. தீபாவளிக் கூட்டத்துக்குள்ள மேடைக்கு வந்துட்டா சந்தோஷம். இல்லைன்னா வேற ஆளைத்தான் போடணும்" என்றார்.

அன்றிலிருந்து அப்பாவின் பேச்சே குறைந்துவிட்டது. முன்பெல்லாம் இரவு சாப்பிடும்போது, எந்தச் சேலையை யார் எடுத்தார்கள், எந்த மாமியார் எந்த நிறத்துக்குச் சண்டை போட்டார் என்று கதை கதையாகச் சொல்லுவார். இப்போது ரசம் ஊற்று, மோர் ஊற்று, அவ்வளவுதான். மணிமொழிக்கு அழுகையாக வந்தது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்த நீரஜா மேடம், சுவரில் ஒரு மரக்கட்டை மாட்டியிருந்தார். அதில் ஏணிப்படி போல வெட்டுகள். விரல்களை ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டே போனால் கையும் கூடவே உயரும்.

"தினமும் செய்யணும் சார். இங்க வர முடியாதப்ப வீட்டுச் சுவத்துல செய்யுங்க. சுரீர்னு வலிச்சா மட்டும் நிறுத்திடுங்க."

அப்பா வீட்டில் ஒரே ஒரு நாள் செய்தார்.

"வெறுஞ்சுவத்துல எங்க ஏறுனோம், எங்க நின்னோம்னு ஒரு எழவும் தெரியல. அந்தக் கட்டை இருந்தாத்தான் இது சரிப்படும்."

"அந்தக் கட்டைக்கு நான் எங்க போவேன்?" என்றாள் அம்மா சந்திரிகா.

"அதான் சொல்லுதேன். கட்டை இல்ல, செய்யல."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மா அடுப்படிக்குப் போனாள்.

மணிமொழி மறுநாளே பென்சிலும் ஸ்கேலுமாகச் சுவரில் ஏணி வரைய ஆரம்பித்தாள். மூன்றாவது படி வரைவதற்குள், மாடியில் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா தேவானை வாசலில் வந்து நின்றார்.

"இன்னா பாப்பா, சுவத்துல கிறுக்கிக்கினு கீறே? இப்பத்தான் பெயின்ட் அடிச்சேன்!"

மணிமொழி முகம் சிவக்க, ரப்பரால் ஏணியை அழித்தாள்.

மாலையில் குளிக்கப் போனவள் குளியலறைச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே, அம்மா குளிக்கும்போது நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டுகள் ஏழெட்டு இருந்தன. ஒன்றைப் பிய்த்தாள். சுவரில் ஒரு கறையும் இல்லை.

பாதிக் குளியலில் வெளியே ஓடிவந்துவிட்டாள்.

அம்மாவின் பொட்டு அட்டைகளிலிருந்த பெரிய மெரூன் பொட்டுகள் பூவாயின. பச்சைப் பொட்டுகள் இலையாயின. ஸ்டூல் மேல் ஏறி நின்று, கூடத்துச் சுவரில் ஒரு கொடியையே ஏற்றிவிட்டாள். கொடி அழகாக வளைந்தது. பூவுக்குப் பூ ஒரே இடைவெளி. அவளே நாலு தடவை தள்ளி நின்று ரசித்தாள்.

கடையிலிருந்து வந்த அப்பா, "ஏட்டி, சுவத்துக்கு என்ன கல்யாணமா? பொட்டு வச்சு விட்டிருக்க" என்றார்.

"பூப் பறிக்கணும்ப்பா. கீழ் பூவ முதல்ல தொடுங்க."

மகள் சொல்லும்போது எப்படி மறுப்பது? விரலால் முதல் பூவைத் தொட்டார். அடுத்த பூ. அதற்கடுத்த பூ. முகம் கொஞ்சம் சுளித்தது. ஆனாலும் நாலாவது பூவைத் தொட்டுவிட்டுத்தான் சாப்பிட வந்தார்.

அப்புறம் தினமும் கால் கழுவி, தோளிலிருந்து விரல்வரை தைலம் தேய்த்ததும் நேரே சுவரிடம் போனார். கொடியில் கை ஏறிக்கொண்டே வந்தது. தாடை உயரத்தில் ஒரு பூவைத் தொட்டார். அதோடு சரி. அதற்கு மேலிருந்த பூ அகப்படவே இல்லை. ஒரு வாரமாக அதே பூ, அதே கதை.

"எனக்கு எழுதியிருக்கிறது இவ்வளவுதான் போல. மேடையில அஸ்வின்னு ஒரு புதுப் பையன் பழகுதான். நல்லாவே வீசுதான்" என்று சொல்லிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

மணிமொழி கொடியின் முன்னால் போய் நின்றாள். என்ன தப்பு செய்தோம்? கிட்டப் போய்ப் பார்த்தாள். அப்பா தைலம் தேய்த்த கையோடுதான் பயிற்சி செய்வார். அந்த எண்ணெய்த் தடங்கள் தாடைப் பூவுக்கு மேலே சுவரில் மங்கலாகத் தெரிந்தன. ஒரே இடத்தில் இல்லை. ஒன்றுக்கு மேல் ஒன்றாக, நூல் நூலாக ஏறியிருந்தன.

"அப்பா ஏறிக்கிட்டுதான் இருக்காரு! நாமதான் பூவ ரொம்பத் தள்ளித் தள்ளி வச்சிருக்கோம்!" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

இடையில் இன்னும் பொட்டு வைக்க வேண்டும். ஆனால் வைத்தால் கொடியின் அழகு கெட்டுவிடுமே. அத்தனை அளவு பார்த்து ஒட்டியது! மணிமொழிக்கு மனசே வரவில்லை. டிவி முன்னால் குனிந்திருந்த அப்பாவின் முதுகைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, பள்ளிக்கூடம் போகும்போது தான் வைக்கும் குட்டிக் கறுப்புப் பொட்டு அட்டையை எடுத்துவந்து, பூக்களுக்கு நடுவே நெருக்கி நெருக்கி ஒட்டினாள்.

"அப்பா, ஒரே ஒரு தடவை வாங்க."

"என்னட்டி இது? கொடியில எறும்பு ஏறுது!"

"உங்க கை இங்க வரைக்கும் ஏற்கெனவே வந்துடுச்சு. தைலக்கறையப் பாருங்க. இன்னைக்கு இதுக்கு அடுத்த எறும்பு."

அப்பா உற்றுப் பார்த்தார். விரல்கள் ஊர்ந்தன. கறையைத் தாண்டின. ஒரு எறும்பைத் தொட்டன.

"அட!" என்று வாய்விட்டுச் சிரித்தார். "பிடிச்சுட்டேன்!"

அதற்கப்புறம் தினமும் ஒரு எறும்பாவது பிடிபட்டது. சில நாள் இரண்டு. பொட்டெல்லாம் கொடிக்கே போக, "என் நெத்திக்கும் ஒண்ணு மிச்சம் வைங்க" என்று அம்மா கத்த வேண்டியிருந்தது. தைலக்கறையைப் பார்த்துச் சண்டைக்கு வந்த தேவானை அம்மா, "எனக்குந்தான் தோளு புடிச்சிக்கினு கீது" என்று சொல்லி, தானும் நாலு பூவைத் தொட்டுவிட்டுப் போனார்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடையில் நிற்க இடமில்லை. முதலாளி அப்பாவை மேடைக்கு அழைத்தார். "எங்கே, விரிங்க பாக்கலாம்."

பார்க்க வந்திருந்த அம்மாவும் மணிமொழியும் மேடையின் மறுகோடியில் நின்றார்கள். எதிரே ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம். அப்பா ஒரு பச்சைப் பட்டை எடுத்தார். மடிப்பின் ஒரு முனையைப் பிடித்தார்.

கை எழுந்தது. மார்பைத் தாண்டியது. தாடையைத் தாண்டியது. தலைக்கு மேலே போனது.

வீசினார்!

இத்தனை நாள் சேர்த்து வைத்த வேகமோ என்னவோ, சேலை மேடையையே தாண்டிப் பறந்துவந்து மணிமொழியின் தலையில் விழுந்து அவளை முழுசாக மூடிவிட்டது. சுற்றிலும் ஒரே பச்சை. ஒன்றும் தெரியவில்லை. காது மட்டும் கேட்டது.

"சேலை நல்லாத்தான் இருக்கு" என்றது ஒரு பாட்டியம்மாவின் குரல். "இன்னும் பத்துப் பதினைஞ்சு விரிச்சுக் காட்டுங்க தம்பி."

"அதுக்கென்ன, விடிய விடிய விரிக்கேன்!" என்றார் அப்பா.