கைப்பம்பு

ஏழு தடவை அழுத்தினால் தண்ணீர் இறங்கிவிட வேண்டும். முனியராஜ் ஏழு தடவை அழுத்திவிட்டுக் கைப்பிடியை விட்டான். கக்கூஸ் கோப்பையில் தண்ணீர் இறங்கவில்லை. ஒரு விரற்கடை ஏறி நின்றது. அதன் மேல் வெள்ளி நிறத்தில் ஆடை படர்ந்திருந்தது.

தூத்துக்குடியில் உடைத்த ஏதோ ஒரு படகிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த கக்கூஸ் அது, கையால் பம்பு அடித்துக் கழுவுவது. வெடிமருந்து அறைகளின் பக்கம் கரண்டு வரக்கூடாது, மோட்டார் வைக்க முடியாது என்று, முதலாளி அய்யாதுரை மலிவாகக் கிடைத்ததை நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியில் மாட்டிவிட்டார். முனியராஜ் பத்து வருஷம் படகு மெக்கானிக்காக இருந்தவன் என்பதால் கூப்பிட்டுவிட்டார்கள். அவன் பெண்டாட்டி பாண்டிச்செல்வி இதே கம்பெனி விபத்தில் செத்து எழுபது நாள்தான் ஆகிறது என்பது கூப்பிட்டவர்களுக்கு உறைக்கவில்லை. அவனுக்குந்தான் எதுவும் உறைக்கவில்லை. அழுகை வரவில்லை, பசி வரவில்லை. வலது கை கிடைக்காமலே அவளை எரித்தான். அந்தக் கை எங்கே என்கிற கேள்வி ஒன்றுதான் உள்ளே மிச்சம். அதற்காகத்தான் வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கம்பெனியில் ஆள் இல்லை. வெளியே வெயில் கொளுத்தியது. தகரக் கதவுக்குள் கந்தக வாடையும் ஈர வாடையும் கலந்து கிடந்தன, சுவர் ஜில்லென்று இருந்தது.

"எம்புட்டு நாளா இப்படி ஏறுதுண்ணே?"

காவலாளி சங்கிலிமுத்து உள்ளே வரவில்லை. "வெடிச்ச அன்னைக்கு ரூமக் கழுவுன தண்ணிய இதுலதானப்பா ஊத்துனோம். அதுல இருந்துதான். நீ பாரு, நான் கேட்டுப் பக்கம் இருக்கேன்."

செருப்பைக்கூட மாட்டாமல் போனார்.

முனியராஜ் ஒவ்வொன்றாகப் பார்த்தான். பம்பு வாஷர் தேயவில்லை. குழாயைக் கழற்றி ஊதினான், அடைப்பு இல்லை. தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கிற ரப்பரைப் பிரித்தான், புதுசு மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் மாட்டி வால்வை இறுக்கி மூடினான். இனி ஒரு சொட்டு வரக்கூடாது.

க்ளக்.

கைப்பிடி தானாக இறங்கி ஏறியது. எண்ணினான். ஏழு. நின்றது.

கைப்பிடியில், பட்டாசு மருந்தில் கலக்கும் வெள்ளிப் பொடியில், ஐந்து விரல் தடம். வேலை முடிந்து வரும் பாண்டிச்செல்வி டம்ளரிலும் கதவிலும் அவன் சட்டையிலும் பதிக்கிற அதே தடம்.

ஓடியிருக்கலாம். அவன் ஓடவில்லை. பின்னாலிருந்த கழிவுத் தொட்டியின் மூடியைத் திருகி எடுத்துவிட்டுத் தோள்வரை கையை விட்டான்.

தண்ணீர். சேறு. ஒன்றுமில்லை.

பிறகு ஒரு கை அவன் சுண்டுவிரலைப் பிடித்தது.

தூங்கும்போது அவள் அப்படித்தான் பிடித்துக்கொள்வாள். எழுபது நாளில் முதல் தடவையாக அவனுக்கு அழுகை வந்தது. "வா புள்ள, வீட்டுக்குப் போவோம்" என்று மெதுவாக இழுத்தான்.

கட்டைவிரலை இன்னொரு கை பிடித்தது. மணிக்கட்டை ஒன்று. முழங்கையை ஒன்று.

நாலு.

ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக்கூடாது என்பது சட்டம். விபத்து நடந்த அன்றைக்கும் நாலே பேர்தான் என்று அய்யாதுரை போலீசில் எழுதிக் கொடுத்திருந்தார். "சீசன் ஆர்டருன்னு வெளியூரு ஆளுகளயும் உள்ள அடைக்காக, முட்டி இடிக்குது" என்று பாண்டிச்செல்வி முந்தின ராத்திரிதான் சொல்லியிருந்தாள்.

ஐந்தாவது கை.

ஆறாவது.

அவன் கன்னம் தொட்டியில் அழுந்தியது. கத்தினான். காலைச் சுவரில் உதைத்துக் கையை இழுத்தான்.

க்ளக். க்ளக்.

கைப்பிடி மறுபடி இறங்கி ஏறியது. ஒவ்வொரு அடிக்கும் கைகள் அவனை இன்னும் உள்ளே இழுத்தன. இந்தத் தடவை ஏழோடு நிற்கவில்லை.