யார் கொடுத்த திரி?

ஆவணி மாதத்து முழுமதி அரிசிலாற்றின் கீழ்க்கரைத் தென்னந்தோப்புக்கு மேலே எழுந்த வேளையில், மேற்கே கதிரவன் விட்டுச் சென்ற செம்மை இன்னும் நீரின் மேல் நெளிந்துகொண்டிருந்தது. இரு கரையும் தொட்டுப் பெருகிய புதுப்புனல் நாணற் புதர்களை வளைத்துக்கொண்டு ஓடிற்று. எதிர்க்கரையில் திருநீலமங்கலத்துக் கோயில் விமானம் பாதி பொன்னாகவும் பாதி வெள்ளியாகவும் நின்றது. இத்தனை அழகுக்கும் நடுவே சென்ற ஓடத்தில் ஒரு வாலிபன் அமர்ந்திருந்தான். வாசகர்களே, அவன் இவற்றைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தான். பார்த்தது எதுவும் அவனுக்குள் போகவில்லை.

அவன் பெயர் விடங்கன். சோழப் படையின் குதிரைச் சேவகன். இரண்டு ஆண்டுகள் வடக்கே போர்முனையில் இருந்துவிட்டு, அன்றுதான் ஊர் திரும்பியிருந்தான். இடுப்புக் கச்சையில் ஒரு சோடி சங்கு வளைகளை முடிந்து வைத்திருந்தான். வேங்கி நாட்டுச் சந்தையில் மனைவி தில்லையழகிக்காக வாங்கியவை. வாங்கிய பத்தாம் நாள், பாசறைக்கு வந்த வணிகன் ஒருவன் மூலம் அவனுக்குச் செய்தி கிடைத்தது: குதிரை ஒன்று மிரண்டு ஓடியது; படித்துறையில் நின்ற தில்லையழகி அதன் காலடியில் சிக்கி இறந்தாள்; கோயிலில் அவள் பெயரால் விளக்கு எரிகிறது. வளைகளை எறிந்துவிட அவனுக்குத் தோன்றவில்லை. எடுத்துப் பார்க்கவும் தோன்றவில்லை.

ஓடத்தில் வேறொரு பயணியும் இருந்தாள். முக்காட்டை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு மறுகோடியில் அமர்ந்திருந்தாள். அவளுடைய பட்டாடையின் கரை மட்டும் நிலவில் மின்னியது.

"தம்பிக்கு எந்த ஊரோ?" என்று கேட்டான் ஓடக்காரன் நாகன். பேசாமல் துடுப்புப் போட அவனுக்கு வராது.

"வடக்கேயிருந்து வருகிறேன். கோயிலில் ஒரு விளக்கைப் பார்க்க வேண்டும்."

"எந்த விளக்கு? அங்கேதான் வரிசையா எரியுதே!"

"படித்துறையில் குதிரை மிதித்து இறந்த பெண்ணின் விளக்கு."

நாகனின் துடுப்பு ஒரு கணம் நீருக்குள்ளேயே நின்றது.

அந்நாளில் அவ்வூரில் இருந்த ஒரு முறையை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒருவன் அறியாமல், பிழையாய், இன்னோர் உயிரைப் போக்கிவிட்டால் அவன் உயிருக்கு உயிர் கொடுக்க வேண்டியதில்லை. இறந்தவர் பெயரால் கோயிலில் அணையா விளக்கு ஒன்று ஏற்றினால் போதும். ஆனால் அந்த விளக்குக்கு முதல் திரியை இறந்தவரின் உற்றார்தான் தம் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். 'நடந்தது பிழைதான், நாங்கள் ஏற்றோம்' என்பது அதன் பொருள். அத்திரி இல்லாமல் விளக்கு இல்லை. விளக்கு இல்லாமல் மன்னிப்பும் இல்லை.

"மிரண்ட குதிரையாமே?" என்றான் விடங்கன்.

"மிரண்டுச்சா! அந்தக் குதிரையைவிட அதுமேல இருந்தவன்தான் துள்ளினான்" என்று நாகன் சட்டென்று சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நம்ம சிற்றரசர் குன்றத்தரையரோட மகன் மாறவேள். கூட்டாளிகளோட பந்தயம், யாரு முதல்ல ஆத்துல இறங்குறதுன்னு. படித்துறையில குதிரை இறங்கக் கூடாதுன்னு ஊருக்கே தெரியும். பொம்பளைங்க கத்துறாங்க. இவன் சிரிச்சுக்கிட்டே சவுக்கைச் சுழட்டுறான். மேலேயிருந்து பதினாலாம் படியிலதான் அந்தப் பொண்ணு மிதிபட்டா. என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன், தம்பி. வழக்கு நாயகம் ஆச்சன் மூவேந்த வேளார் அன்னிக்கே வந்தாரு, ஓலை எழுதினாரு, நானும் கைக்கீறல் வெச்சேன்."

"பிறகு?"

"பிறகென்ன, பத்து நாள் கழிச்சு வேற ஓலை வந்துருச்சு. குதிரை மிரண்டுச்சுன்னு. வழக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவரே பிழைன்னு சொல்லிட்டா, சபை என்ன பண்ணும்? நானும் வாயை மூடிக்கிட்டேன். இந்த ஓடத்துறையே அரையர் போட்ட பிச்சை."

"உற்றார் திரி கொடுத்தார்களா?"

"கொடுத்தாங்களாம். அந்தப் பொண்ணுக்குப் புருஷன் போரில் செத்துட்டானாம். தங்கை முறையில யாரோ ஒருத்தி வந்து கொடுத்தாளாம்."

விடங்கன் நிலவைப் பார்த்தான். பிறகு நாகனைப் பார்த்தான்.

"அவளுக்குத் தங்கை கிடையாது. அந்தப் புருஷன் நான்தான்."

மறுகோடியில் முக்காடிட்டிருந்தவளின் கையிலிருந்து வெறும் பூக்குடலை நழுவி ஓடத்தின் அடியில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

அன்று பிற்பகல் தன் வீட்டைத் தேடிப் போனபோது விடங்கன் ஒன்றைக் கண்டிருந்தான். ஆறு மாதமாய்ப் பூட்டிக் கிடந்த வீட்டின் வாசல் பெருக்கியிருந்தது. நிலைப்படியில் புதிய மல்லிகையும் ஓர் அகலும் இருந்தன. யார் வைத்தது என்று அவன் யோசிக்கவில்லை. இப்போது ஓடத்தில் கிடந்த குடலையின் விளிம்பில் ஒட்டியிருந்த மல்லிகை இதழைப் பார்த்தான்.

அப்போது கோயிலிலிருந்து சங்கு முழங்கிற்று.

"முதல் சங்கு" என்றான் நாகன். "இன்னிக்கு வேளாருக்குப் பதவி முடியுற நாள். மூணு சங்கு ஊதுவாங்க. ஒவ்வொண்ணுக்கும் எழுந்து நின்னு, 'என் பணியில் குறை கண்டவர் உண்டா?'ன்னு கேட்பாரு. மூணாவதுக்கும் யாரும் எழுந்திருக்கலேன்னா அவர் தீர்த்ததெல்லாம் கல்லில் ஏறிடும். அதுக்கப்புறம் சக்கரவர்த்தி வந்தாலும் கேட்க முடியாது."

"இதுவரை யாராவது எழுந்ததுண்டா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லை. அந்த நேரத்துலதான் சபையில வெற்றிலை மாத்திக்குவாங்க."

"விரைவாகப் போடு" என்றான் விடங்கன்.

இரண்டாம் சங்கு ஒலித்தபோது ஓடம் கரை தட்டியது. விடங்கன் படிகளில் ஓடினான். நாகன் சொன்ன அந்தப் பதினான்காம் படியில் அவன் கால்கள் தாமாகவே நின்றன. படி மற்றப் படிகளைப் போலத்தான் இருந்தது. குதிரையோடு வாழ்ந்த அவனுடைய கண் படிகளின் உயரத்தை ஒருமுறை அளந்தது. பிறகு அவன் மேலே ஏறினான்.

மகாமண்டபத்தில் சபை கூடியிருந்தது. தூணுக்குத் தூண் விளக்குகள் எரிந்தன. நடுவே சபைத் தலைவர் மாதவ பட்டர் வீற்றிருந்தார். அவருக்கு வலப்புறம், முத்திரை மோதிரம் அணிந்த கையைக் கைத்தடியின் மேல் ஊன்றி, ஆச்சன் மூவேந்த வேளார் நின்றார். முன்வரிசையில் மாறவேள் ஒரு காலை மடித்து, ஒரு காலை நீட்டி அமர்ந்து பாக்குச் சீவிக்கொண்டிருந்தான்.

மூன்றாம் சங்கு ஊதி அடங்கியது.

"என் பணியில் குறை கண்டவர் உண்டா?" என்றார் வேளார். விடை எதிர்பாராதவர் கேட்கும் குரல்.

"உண்டு" என்றான் விடங்கன்.

வெற்றிலைத் தட்டுகள் நின்றன.

"யார் நீ?" என்றார் மாதவ பட்டர்.

"தில்லையழகியின் கணவன், சுவாமி. வேளாரின் ஓலையில் நான் போரில் இறந்துபோனவன்."

மண்டபத்தின் பின்னாலிருந்து யாரோ ஒருவர், "வேளாரே, உம் ஓலையில் செத்தவன் எழுந்து வந்து பேசுகிறானே! அவனுக்கும் ஒரு விளக்கு வையும்!" என்று கத்தினார். சிரிப்பு எழுந்தது. விடங்கன் சிரிக்கவில்லை. அதைக் கண்டு சிரித்தவர்களும் அடங்கினார்கள்.

வேளாரின் முகம் மாறவில்லை. "வீரனே, உன் துயரம் எமக்கும் துயரமே. போர்முனையிலிருந்து வந்த தவறான செய்தியை நம்பினேன். அது என் பிழை. குதிரை மிரண்டது அந்தக் குதிரையின் பிழை."

"வேளாரே, நான் ஒன்பது ஆண்டுகள் குதிரை மேல் இருந்தவன். மிரண்ட குதிரை சமநிலம் தேடிப் பக்கவாட்டில் பாயும். செங்குத்தான படிகளைக் கண்டால் முன்காலை ஊன்றி நின்றுவிடும். என் மனைவி இறந்தது பதினான்காம் படியில். பதினான்கு படிகளுக்கு ஒரு குதிரையை யாராவது இறக்கித்தான் ஆக வேண்டும். இது குதிரைக்காரன் எவனுக்கும் தெரியும். தாங்கள் எவனையாவது கேட்டீர்களா?"

மாறவேள் பாக்குவெட்டியைக் கீழே வைத்தான். "ஒரு சேவகன் வந்து சபைக்குக் குதிரைப் பாடம் நடத்துகிறானே! பட்டரே, உற்றார் திரி கொடுத்து ஏற்ற வழக்கு இது. தூக்கம் வருகிறது எனக்கு."

"திரி கொடுத்தது யார் என்பதைத்தான் நானும் கேட்கிறேன்" என்றான் விடங்கன். "அவளுக்கு என்னைத் தவிர யாரும் இல்லை."

"இறந்தவளின் தங்கை" என்றார் வேளார். "இப்போது வெளியூரில் இருக்கிறாள்."

"இல்லை, அப்பா. இங்கேதான் இருக்கிறாள்."

மண்டபத்து வாயிலில், நிலவு பின்னிருந்து விழ, ஓடத்தில் வந்த பெண் நின்றாள். முக்காட்டை விலக்கினாள். அவள் நல்லமங்கை, வேளாரின் ஒரே மகள்!

"நானே திரி கொடுத்தேன்" என்றாள். "அனாதைப் பெண் ஒருத்தி விபத்தில் இறந்தாள், உற்றார் இல்லாததால் அவள் ஆன்மா தவிக்கிறது, தங்கையாய் நின்று திரி கொடு, புண்ணியம் என்றீர்கள். நம்பினேன். தங்கை என்று சொல்லிவிட்டோமே என்று முழுநிலவுதோறும் அவள் வாசலைப் பெருக்கி விளக்கு வைத்தேன். அந்தத் திரியைக் கொடுத்த மூன்றாம் நாள் அரையர் மாளிகையிலிருந்து எனக்குப் பட்டும் பூவும் பெண் கேட்டு வந்தன. அப்போதும் எனக்குப் புரியவில்லை. இன்று ஓடத்தில் புரிந்தது."

அவள் உடுத்தியிருந்த பட்டு அதுதான் என்பது கேட்டவர் எல்லோருக்கும் விளங்கியது.

"நல்லமங்கை, வீட்டுக்குப் போ" என்றார் வேளார். முதல்முறையாக அவர் குரல் தளர்ந்திருந்தது.

"போகிறேன், அப்பா. இந்த வீரருக்கு நீங்கள் விடை சொன்ன பிறகு."

அப்போது தூண் மறைவிலிருந்து நாகன் முன்னால் வந்தான். துடுப்பைக் கரையில் வைக்க மறந்து தோளிலேயே சுமந்து வந்திருந்தான். "சாமி, நானும் பார்த்தேன். முதல் ஓலையில என் கைக்கீறல் இருக்கு. வேளார் அதைக் கிழிச்சிருந்தா, இன்னொரு ஓலையில இப்பவே வெச்சுத் தர்றேன். துறை போனாப் போகட்டும்."

மாறவேள் எழுந்து வாயிலை நோக்கி நடந்தான்.

"இளவரசே, நடந்தா போறீங்க?" என்றான் நாகன். "ஆத்துல வெள்ளம். துடுப்பு என் தோள்ல இருக்கு."

மீண்டும் சிரிப்பு எழுந்தது. காவலர் இருவர் வாயிலில் வேல்களைக் குறுக்கே நீட்டினர்.

மாதவ பட்டர் சொன்னார்: "தங்கை அல்லாதவள் கொடுத்த திரி, திரி அன்று. தீர்ப்புச் செல்லாது. மாறவேளைக் காவலோடு தஞ்சைக்கு அனுப்புகிறோம். ஓடக்காரன் சாட்சி. வேளாரே, முத்திரை மோதிரத்தை இங்கே வையும். நீரும் தஞ்சையில் அரசரின் நீதிச் சபையான தருமாசனத்தின் முன் நின்று விடை சொல்ல வேண்டும். இனி இவ்வூரில் எந்தப் பணிக்கும் உமது பெயர் குடவோலைக் குடத்தில் விழாது. வீரனே, வேறு என்ன வேண்டும் உனக்கு?"

"ஒரு விடை போதும், சுவாமி." விடங்கன் வேளாரின் பக்கம் திரும்பினான். "குதிரை மேல் இருந்தவன் ஒரு கணத்தில் செய்துவிட்டான். தாங்கள் உட்கார்ந்து, எழுத்தாணி எடுத்து, பத்து நாள் யோசித்துச் செய்தீர்கள். ஏன்?"

"குன்றத்தரையர் இவ்வூருக்கு ஏரி வெட்டியவர்" என்று தொடங்கினார் வேளார். "அவரைப் பகைத்தால் ஊருக்கு..."

"ஊர் இங்கே இருக்கிறது. அது பதில் அன்று."

வேளார் மோதிரத்தைக் கழற்றினார். விரலில் அது இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது. "என் மகள் பெரிய இடத்தில் வாழ வேண்டும் என்று நினைத்தேன்" என்றார். விடங்கன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். வேளார் தரையைப் பார்த்துச் சொன்னார்: "கேட்க ஆள் இல்லை என்று நினைத்தேன்."

விடங்கன் தலையசைத்தான். ஓடத்திலிருந்து அவன் தேடி வந்தது இந்த விடைதான் போலும். கேட்டபின் அவனுக்கு ஆறுதல் ஏதும் உண்டாகவில்லை. ஆனால் பாசறையில் செய்தி கேட்ட நாளிலிருந்து முதல்முறையாக நெஞ்சுக்குள் எங்கோ வலித்தது.

கோயில் குருக்கள் தயங்கி அவனருகே வந்தார். "விளக்கை என்ன செய்ய? அணையா விளக்கு, அணைக்கவும் கூடாது."

"எரியட்டும். ஆனால் அவள் பெயரை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். அது பிழைக்கு ஏற்றிய விளக்கு. அவளுக்கு நடந்தது பிழை அன்று."

பின்னர் புதிய வழக்கு நாயகத்துக்காகக் குடத்தைக் குலுக்கினர். பெயர் வந்தவர் எழுந்து சபையை வணங்கியபோது நல்லமங்கை அந்த விளக்கின் முன் சென்று நின்றாள். வலக்கையைச் சுடருக்கு மேலே நீட்டினாள். உள்ளங்கை சிவக்கும் அளவுக்குத் தாழ்த்தினாள்.

"உற்றார் இல்லாத ஒருத்திக்கு நான் பொய் உறவாய் நின்றேன். இந்தச் சுடர் அறிய ஆணையிடுகிறேன்: இனி என் ஆயுள் உள்ளவரை, ஆண்டுதோறும் இந்த மண்டபத்தில் மூன்றாம் சங்கு ஊதும்போது, கேட்க ஆள் இல்லாத ஒவ்வொருவருக்காகவும் நான் எழுந்து நின்று கேட்பேன். பதவியில் இருப்பவர் என் தந்தையானாலும் கேட்பேன்."

புதிய வழக்கு நாயகம் மேலாடையின் நுனியால் நெற்றியை ஒற்றிக்கொண்டார்.

விடங்கன் கச்சையை அவிழ்த்தான். சங்கு வளைகளை எடுத்து, முதல்முறையாக அவற்றை நிலவில் பார்த்தான். பிறகு அவற்றை விளக்குப் பீடத்தில், நல்லமங்கையின் கைக்கு எட்டும் தொலைவில், வைத்தான்.

"இவை தில்லையழகிக்காக வாங்கியவை, அம்மணி. என் உறவினர் யாரிடமாவது கொடுக்கலாம் என்றால் எனக்கு யாரும் இல்லை. ஆண்டுக்கொரு முறை, எழுந்து நிற்கும் அந்த நாளில், அணிந்துகொள்ளுங்கள்."

நல்லமங்கை சுடரிலிருந்து கையை எடுத்தாள். சிவந்த அந்தக் கையாலேயே வளைகளை எடுத்துக்கொண்டாள்.