உறை பிரிக்காத நெடுந்தட்டு

மழை மேகத்தை விட்டுப் புறப்பட்டுவிட்டது. தரைக்கு வந்து சேர ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்று சுவர்ப்பலகை காட்டியது.

டைட்டனில் அது பழகிய செய்தி. சனிக்கோளைச் சுற்றும் அந்தத் துணைக்கோளில் காற்று கனமானது, ஈர்ப்பு சொற்பம். முப்பது கிலோமீட்டர் உயரத்திலிருந்து கிளம்பும் மீத்தேன் துளி, சுண்டைக்காய் அளவில், மனிதர் நடக்கும் வேகத்தில்தான் இறங்கி வரும். மழை கிளம்பிவிட்டது என்று கேட்ட பிறகு உலை வைத்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு மழை பார்க்க வரலாம்.

ஜெனோவா அன்று உலை வைக்கவில்லை. அவள் கணவன் லூர்து கரியாற்றின் அக்கரையில், தனிக்குடிலில், சூடு தரும் மின்கணப்பு அணைந்துபோய், குளிரில் உட்கார்ந்திருந்தான்.

"இப்ப எவ்வளவு சூடு காட்டுது?" என்று வானொலியில் கேட்டாள்.

"ஒம்பது."

"காலையில பதினெட்டுன்னீங்க."

"காலையில கம்பி இருந்துச்சு. இப்ப கருகிட்டு."

அவன் அறுபது நாள் காவலுக்குப் போயிருந்தான். கப்பல் இறங்கும் திடல் அக்கரையில் இருந்தது. குடிலின் வெப்பம் மணிக்கு இரண்டு பாகை குறைந்துகொண்டிருந்தது. வெளியே சுழியத்துக்குக் கீழே நூற்றெண்பது. மழைத்துளி கூரையில் விழ ஆரம்பித்தால் சுவரின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே ஆவியாகும். அதன் பிறகு குடில் ஒரு மணி நேரம் தாங்கும். அவனுடைய வெளியுடுப்பின் மின்கலம் இரண்டு மணி நேரம். ஆறு பெருகினால் நாற்பது நாளைக்கு யாரும் கடக்க முடியாது. மேலாற்றில் ஏற்கெனவே பெருக்கு எடுத்துவிட்டதால் படகைக் கரையேற்றியாகிவிட்டது. மழைக்கு முன் எழும் புழுதி விசிறிகளில் தாராகப் படியும் என்பதால் பறக்கும் பொறிகளும் கொட்டகைக்குள் முடங்கிவிட்டன.

"பயப்படாதட்டி," என்றான் லூர்து. "ரொம்ப முடியலன்னா வேற வழி இருக்கு."

"என்ன வழி?"

அவன் இருமினான். "பாப்போம்."

தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறான் என்று ஜெனோவா நினைத்தாள்.

கணப்புக்கு மாற்றுக் கம்பி ஒன்று இக்கரை நிலையத்தில் இருந்தது. ஒன்றே ஒன்று. அதை அக்கரைக்கு அனுப்ப எஞ்சியிருந்தது தட்டு மட்டும்தான்.

பூமியில் பொழுதுபோக்குக்கு எறிந்துகொண்டிருந்த தட்டு, டைட்டனில் தபால் வண்டியாகிவிட்டது. விளிம்பு கூர்மையான, நெடுந்தொலைவு போகும் வகைக்கு நெடுந்தட்டு என்று பெயர். மூன்று கிலோ எடை. வெளியுடுப்பின் தோளில் பொருத்திய சுருள்வில் உதவியோடு எறிந்தால், கனத்த காற்றில் மிதந்து, முந்நூற்றெண்பது மீட்டர் ஆற்றைத் தாண்டி அக்கரையின் ஏந்துவலையில் விழும். உப்பு, மாத்திரை, திருகாணி எல்லாம் தட்டின் நடுப்பையில்தான் போயின.

இக்கரையில் தட்டுகள் எறியும் எறிதுறையில் ஜெனோவா தட்டுச் சோதகர். நாலு பேர் முன்னால் பேச வராது அவளுக்கு. ஆனால் தட்டுகளைப் பற்றி நானூறு பக்கம் எழுதி வைத்திருந்தாள். ஒவ்வொரு தட்டும் கையை விட்டதும் எவ்வளவு வலப்பக்கம் திரும்பும், வேகம் குறைந்ததும் எவ்வளவு இடப்பக்கம் சரியும், எந்த நெகிழி எத்தனை எறிக்குப் பிறகு குணம் மாறும் என்று எல்லாம் அதில் இருந்தன. புதுத்தட்டு முரண்டு பிடிக்கும். எப்படி எறிந்தாலும் கடைசியில் இடப்பக்கம் விழப் பார்க்கும். பனிமணலில் உரசி உரசி விளிம்பு மழுங்கினால் நேராகப் போகும். இன்னும் தேய்ந்தால் வலப்பக்கம் புரண்டு ஆற்றில் முழுகும். சாதா நெகிழி முந்நூறு எறியில் தேய்ந்துவிடும். பால்நெகிழி ஆயிரம் தாங்கும்.

மணிநெகிழி எத்தனை தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. நிலையத்தில் இருந்த ஒரே மணிநெகிழித் தட்டு ஒன்பது வருடமாக உறைக்குள் இருந்தது. சோதித்தால் கீறல் விழும் என்று அவளே சோதிக்கவில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் எழுதும் ஒப்பீட்டு அட்டவணையில் அதற்குத்தான் முதலிடம். உறையோடு வந்த துண்டறிக்கையில் இருந்ததைப் பார்த்து எழுதினாள்.

கடைசி இடம் ஏழாம் எண்ணுக்கு. சாதா நெகிழி. கணக்கையெல்லாம் மீறி 3,112 எறி. "நீக்கத்தக்கது" என்று எதிரே குறித்திருந்தாள்.

"எதை அனுப்பப் போற?" என்று கேட்டார் நிலையத் தலைவர் அமலன் அண்ணாச்சி. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி பதினோரு வருடப் பழசு. அதன் மெத்தை மேல் கப்பலில் வந்தபோது இருந்த பிளாஸ்டிக் இன்னும் இருந்தது. அவர் அசையும்போதெல்லாம் அது கிறீச்சிட்டது.

"நாலு மணி நேரம் குளிர வைக்கணும் அண்ணாச்சி," என்றாள்.

அதுதான் சிக்கல். உள்ளே இருக்கும் தட்டைப் படிப்படியாகக் குளிர வைத்துத்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி போல வெடிக்கும். குளிர்ப்பெட்டியில் ஒரு தட்டுக்குத்தான் இடம். எது என்று இப்போதே முடிவு செய்தாக வேண்டும்.

பால்நெகிழித் தட்டுகள் இரண்டு இருந்தன. ஒன்றின் விளிம்பில் மயிரிழை வெடிப்பு. மற்றது இருநூறு எறிதான் கண்டது, இன்னும் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. போன வாரம் வலைக்கு இருபது மீட்டர் இடப்பக்கம் விழுந்தது.

"அதான் உசத்தி ஒண்ணு வெச்சிருக்கோமே," என்றார் அண்ணாச்சி. "இதுக்கு எடுக்காம வேற எதுக்கு எடுக்க? உயிருல்லா?"

"அது வருசத் திருவிழாப் போட்டிக்குன்னு..."

"ஒம்பது திருவிழா போயிட்டு தாயி. ஒவ்வொரு தடவையும் அடுத்த வருசம் பாப்போம்னே. இப்ப எடு."

எடுத்தாள். உலோகப்பூச்சு உறை, அதற்குள் பஞ்சுத்தாள் சுற்றல். ஒன்பது வருடம் அலமாரிக்கும் வெந்நீர்க் குழாய்க்கும் நடுவில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. உறையின் ஓரத்தைக் கிழிக்க நகத்தை வைத்தவள், நிறுத்தினாள்.

"உறையோடயே குளிர வைக்கட்டா? எறியுதப்ப பிரிச்சிக்கிடலாம். வெளிய மணல் பறக்கு. கீறிரும்."

"அதுவும் சரிதான்," என்றார் அண்ணாச்சி.

பூமியிலிருந்து கிளம்பியபோது அவர்களுடைய முன்னோர் எடைக்குப் பயந்து கட்டில், பீரோ, புத்தகம் என்று எதையெதையோ விட்டுவிட்டு வந்தார்கள். பழக்கங்களுக்கு எடை கிடையாது. அவை அத்தனையும் கூடவே வந்துவிட்டன.

குளிர்ப்பெட்டி மூடிக்கொண்டது. பலகையில் நான்கு மணி ஐம்பத்தைந்து நிமிடம்.

காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஜெனோவா அரை மணிக்கு ஒரு தரம் வானொலியை எடுத்தாள். எட்டு. ஏழு. ஆறு. இடையில் நோட்டைத் திறந்து மணிநெகிழி பற்றிய பக்கத்தைப் படித்தாள். எல்லாம் தன் கையெழுத்து. எதுவும் தான் கண்டதல்ல.

மூன்றாவது மணியில் லூர்துவின் பற்கள் தந்தியடிப்பது கேட்டது.

"எங்க உக்காந்திருக்கிய?"

"தரை சில்லிடுது. நம்ம பெட்டி மேல உக்காந்திருக்கேன்."

பத்து நாளுக்கு முன் கப்பலில் வந்த பெட்டி. அடுத்த ஆண்டு அவர்களுக்கெனத் தனிக்கூடு ஒதுக்கப்போவதாகக் குடியேற்றத் துறை சொல்லியிருந்தது. அதற்காக மாதத்துக்கு ஒரு வீட்டுச் சாமான் அனுப்பும். இதுவரை வந்ததெல்லாம் உறையோடு அவளுடைய கட்டிலுக்கு அடியில் இருந்தது. இந்தப் பெட்டி வந்த அன்றே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: என்ன சாமானாக இருந்தாலும் சரி, பால் காய்ச்சும் அன்றுதான் பிரிக்க வேண்டும்.

"பாத்து உக்காருங்க," என்றாள். "நசுங்கிரப் போவுது."

"நசுங்காது," என்றான். பிறகு ஏதோ சொல்ல வந்ததுபோல் மூச்சு இழுத்தான். "ஜெனோ..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நீ தட்டைப் பாரு."

மழைக்கு ஐம்பது நிமிடம் இருக்கும்போது அவளும் அண்ணாச்சியும் வெளியுடுப்பு மாட்டிக்கொண்டு எறிதுறைக்கு வந்தார்கள். ஆரஞ்சுப் பகல். கரியாறு ஓசையில்லாமல் தடித்து ஓடியது. அக்கரையில் ஏந்துவலையின் விளக்கு, ஊசி குத்தியதுபோல் சிறியதாகத் தெரிந்தது.

ஜெனோவா தட்டை எறிபலகையில் வைத்து உறையைக் கிழித்தாள். பஞ்சுத்தாளை உருவினாள். பால்நிலா மாதிரி இருந்தது தட்டு. ஒரு கீறல் இல்லை.

"என்னா அழகு," என்றார் அண்ணாச்சி.

அவள் குனிந்து பலகையின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனாள். தட்டின் ஒரு பக்கம் பலகையைத் தொட்டது. மறுபக்கம் இரண்டு விரற்கடை தூக்கிக்கொண்டு நின்றது. அடியில் வெளிச்சம் தெரிந்தது. ஒன்பது வருடம் வெந்நீர்க் குழாயில் சாய்ந்து நின்றதில், மெல்ல மெல்ல, குழாயின் வளைவை வாங்கிக்கொண்டிருந்தது.

"கோணிட்டு," என்றாள்.

"லேசாத்தான..."

"அண்ணாச்சி, இதை எறிஞ்சா முப்பது மீட்டர் போவாது. ஆத்துலதான் விழும்."

உள்ளே இருந்த பால்நெகிழியைக் குளிர வைக்க நேரமில்லை. மழைக்கு இன்னும் நாற்பத்தாறு நிமிடம்தான். "நாலு மணி நேரத்துக்கு முன்னாலயே பிரிச்சுப் பாத்திருக்கலாம்," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போது அண்ணாச்சி அவளுக்குப் பின்னால் பார்த்தார்.

எறிதுறைக் கம்பத்தில், ஒரு முளையில், ஏழாம் எண் தொங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் உள்ளே எடுத்து வைப்பதில்லை. வாசலில் கிடக்கும் செருப்பை யார் உள்ளே எடுத்து வைப்பார்கள்? மாதக்கணக்கில் வெளியிலேயே தொங்கியதால் அது ஏற்கெனவே நூற்றெண்பதுக்குக் குளிர்ந்திருந்தது.

ஜெனோவா அதை எடுத்தாள். விளிம்பெல்லாம் பல் பட்ட தேங்காய்ச்சில்லு போலிருந்தது. கம்பியை, அது வந்த பிளாஸ்டிக் உறையோடு, நடுப்பையில் வைத்துப் பூட்டினாள்.

"நான் எறியட்டா?" என்றார் அண்ணாச்சி.

"வேண்டாம். இது வலப்பக்கம் புரளும். எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்."

தெரியும். மூவாயிரத்துச் சொச்சத்தில் பாதிக்கு மேல் அவள் எறிந்தது. இருபது பாகை இடப்பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். வலையை அல்ல, வலைக்கு இடப்புறம் உள்ள கறுப்புப் பாறையைப் பார்க்க வேண்டும். காற்று ஓயும் வரை நின்றாள். மழைத்திரை தலைக்கு மேலே வெகு உயரத்தில் மங்கலாகத் தெரியத் தொடங்கியிருந்தது.

எறிந்தாள்.

தோள்வில் உதைத்தது. தட்டு பாறையை நோக்கிப் போனது. நடு ஆற்றுக்கு மேலே நிமிர்ந்தது. பிறகு, அவள் எழுதி வைத்தபடியே, வலப்பக்கம் திரும்பத் தொடங்கியது. திரும்பிக்கொண்டே இருந்தது. அதிகம் திரும்புகிறதோ? அவள் மூச்சு முகக்கண்ணாடியில் படிந்து எதிர்க்கரை மறைந்தது. துடைக்க வழியில்லை. இருபத்தாறு நொடி, அண்ணாச்சி வாய்விட்டு எண்ணினார்.

மூட்டம் படிந்த கண்ணாடியின் ஊடே, ஏந்துவலையின் விளக்கு பச்சையானது தெரிந்தது.

அண்ணாச்சி அவள் தோளில் ஓங்கித் தட்டினார். "நீக்கத்தக்கதா அது? உன் நோட்டை நீக்கு தாயி!"

அவள் சிரித்தாள், அழுதாள். உள்ளே ஓடி, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் வானொலியை எடுத்தாள். பலகையில் இருபத்தொன்பது நிமிடம்.

"கிடைச்சுதா?"

"வலைக்குப் போய் எடுத்துட்டு வந்துட்டேன்."

"மாட்டிட்டீங்களா?"

"கையில வெச்சிருக்கேன்."

"கையில வெச்சிக்கிட்டு என்ன செய்யுதிய? எவ்வளவு காட்டுது இப்ப?"

"ஒண்ணு. ஜெனோ, இது புதுசா இருக்கே."

"புதுசுதான்."

"கவர்லயே இருக்கு. பழைய கம்பியை முறுக்கிப் பாத்தா இன்னும் கொஞ்ச நாள் ஓடுமோன்னு..."

"பிரிங்க!" அவள் குரல் அந்த நிலையத்தில் அவ்வளவு உரக்கக் கேட்டதே இல்லை. அண்ணாச்சியின் நாற்காலி கிறீச்சிட்டது. "இப்பவே பிரிங்க. எனக்குக் கேக்கணும்."

வானொலியில் பிளாஸ்டிக் கிழியும் சத்தம் கேட்டது. ஏதோ உலோகம் உரசியது. பிறகு, மெல்லிய ரீங்காரம். கணப்பு எரிய ஆரம்பித்துவிட்டது.

ஜெனோவா தரையில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு," என்றான் லூர்து. "மூணு. ஏறுதுட்டி."

"ம்."

"ஒண்ணு சொல்லணும். நீ கோவப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"சொல்லிரணும்னு அப்பவே நெனச்சேன். வாய் வரல." ரீங்காரத்துக்கு நடுவே அவன் தொண்டையைச் செருமினான். "நான் உக்காந்திருக்கேன்லா, நம்ம பெட்டி. மேலயே எழுதியிருக்கு, அதுக்குள்ள இருக்கது புதுக் கணப்பு. முழுசா. பால் காய்ச்சுத வரைக்கும் பிரிக்கக் கூடாதுன்னு நீதான சொன்னே."